வாசற்படியில் கிளைக்கட்டு

1

சீமையில் வீடு வாங்கிவிட்டேன் என்று போன வருஷம் ஊருக்கு எழுதியபோது அண்ணன் கேட்டிருந்த முதல் கேள்வி, எத்தனை சென்ட்? இரண்டாவது கேள்வி, நாலு பக்கமும் எல்லைக்கல் இருக்கிறதா? வீட்டில் எத்தனை அறை, குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்பதெல்லாம் அவருக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. கோலியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். அங்கே பெண் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

இந்த வீட்டுக்கு வந்து இந்த மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. லண்டனிலிருந்து ரயிலில் வடக்கே ஒரு மணி நேரம். நான் பஸ் டிப்போவில் வேலை செய்கிறேன். ஊரில் என்னை 'லண்டன் இன்ஜினீயர்' என்கிறார்கள். பஸ்கள் வரிசையாகக் கழுவப்படுகின்றனவா என்று பார்க்கிற வேலைக்கு இன்ஜினீயர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நானும் மறுத்து எழுதியதில்லை. மனைவி கஸ்தூரி பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடுக்குகிறாள். அவளுக்குத் திண்டிவனம். மகள் மாலதிக்குப் பதினாலு வயசு. அவளுக்கு எந்த ஊர் என்று கேட்டால் தோளைத் தூக்கி இறக்குகிறாள்.

வீட்டை விற்ற கிழவி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷமாகத் தோட்டத்தில் கத்தி படவில்லை. பின்கதவைத் திறந்தால் முப்பது தப்படி நீளத்துக்கு ஒரே புதர். 'தோட்டத்துடன் கூடிய வீடு' என்று விற்பனைத் தாளில் போட்டிருந்தார்கள். வீட்டுடன் கூடிய காடு என்பதுதான் நேர்மையான வாசகம்.

பன்னிரண்டு வருஷம் மாடிவீட்டு அறைகளில் குடியிருந்தவர்களுக்கு மண்ணைப் பார்த்ததும் கை அரிக்குமா, அரிக்காதா? விவசாயி வீட்டுப் பிள்ளை நான். ஒரு செடியின் பெயரும் தெரியாமல் அரிவாளை எடுத்தேன்.

2

முதலில் ஏமாந்தது நான் இல்லை, கஸ்தூரி.

தெருப்பக்கம் வேலியாக ஒரு செடி அடர்ந்து கிடந்தது. சின்னச் சின்ன இலை, எதிரெதிராக. அவள் ஒரு கொத்தை ஒடித்து முகர்ந்து பார்த்து, மருதாணி என்று தீர்ப்புச் சொன்னாள். கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற வழி முழுக்க அவளுடைய மாமன் வீட்டு மருதாணி வேலிதானாம், அவளுக்குத் தெரியாததா? ஒரு கூடை இலை பறித்து, புளி கொஞ்சம் வைத்து மிக்ஸியில் அரைத்து, மாலதியின் இரண்டு கைக்கும் அப்பிவிட்டாள். மாலதி ஒரு மணி நேரம் கையை விரித்தபடி டெலிவிஷன் பார்த்தாள். கழுவியபோது கை சிவக்கவில்லை, பச்சையாக இருந்தது. மூன்று நாளைக்கு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இவளுக்கு என்ன வியாதி என்று கேட்டு ஒரு சீட்டு எழுதி அனுப்பினாள்.

"அது மருதாணி இல்லம்மா, வெறும் வேலிச்செடி. லைப்ரரி புக்ல போட்டோ இருக்கு" என்று மாலதி சொன்னாள். சொன்னது இங்கிலீஷில். இப்போதெல்லாம் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டு தண்டவாளம் மாதிரி பேச்சு ஓடும், முட்டிக்கொள்ளாது.

ஏப்ரலில் ஒரு மூலையில் சேப்பங்கிழங்கு இலை மாதிரி பெரிதாக முளைத்தது. கஸ்தூரி கீரைக்கூட்டு வைப்பதாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாலதி மறுபடியும் அந்தப் புத்தகத்தோடு ஓடி வந்தாள். இலை விஷமாம். தண்டை மட்டும் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்பார்களாம். விஷச்செடியில் பாயசம் வைக்கிற நாட்டில் பிழைக்க வந்திருக்கிறோம் என்று கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள்.

காஞ்சொறியை மட்டும் நான் சரியாக அடையாளம் கண்டேன். அதுவும் கையால் பிடித்த பிறகு.

3

இதெல்லாம் சில்லறை. உண்மையான வினை எல்லையில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மரவேலி. பாதி இற்றுப்போய் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில், சரியாக எல்லைமேல், இரண்டு ஆள் உயரத்துக்குமேல் ஒரு மரம். நாங்கள் வந்தது பிப்ரவரி. ஒரு இலை கிடையாது. கிளை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பின்னிக்கொண்டு கிடந்தது. என்ன மரம் என்று மாலதியின் புத்தகத்துக்கும் தெரியவில்லை. இலையோ பூவோ வந்தால்தான் சொல்லுமாம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பின்பக்க வாசற்படியில் ஒரு கட்டு கிளை. ஒரே அளவாக நறுக்கி, சணல் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டு, அலுங்காமல் வைத்திருக்கிறது. மரத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பக்கம் நீண்டிருந்த கிளைகளெல்லாம் வெட்டப்பட்டிருந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் வில்கின்ஸ். அறுபத்தெட்டு வயசு, தனி ஆள், ரிட்டயர்டு அச்சகக்காரர். பார்த்தால் 'குட் மார்னிங்' சொல்வார், மழை வரும் என்பார், அவ்வளவுதான்.

தோள்பையைக்கூட இறக்காமல் எல்லையைத் தப்படியால் அளந்து பார்த்தேன். ஏன் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. தென்னாற்காட்டுக்காரன் படித்தால் சொல்லாமலே புரியும். வெட்டுகிறவனுக்குத்தான் மரம் சொந்தம்.

4

எங்கள் கழனிக்கும் சித்தப்பா கழனிக்கும் நடுவில் வரப்பில் ஒரு புங்கமரம். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு இருக்கிறது, தண்ணீர் இறைக்கிற கவலை இருக்கிறது, மாட்டுக்கொட்டகை இருக்கிறது, புங்கமரம் இல்லை. எழுதினவர் மறந்துவிட்டார். அந்த மறதியில் இரண்டு வக்கீல் குடும்பம் பிழைத்தது.

பத்திரம் இல்லையென்றால் அனுபவ பாத்தியதை. பன்னிரண்டு வருஷம் ஒருவன் ஒரு சொத்தை எல்லோருக்கும் தெரிய ஆண்டு அனுபவித்துவிட்டால் அது அவனுக்கே என்று யாரோ வக்கீல் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதே வக்கீல்தான் சித்தப்பாவிடமும் சொன்னாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மரத்தை எப்படி ஆண்டு அனுபவிப்பது? வெட்டித்தான். நடவுக்கு முன்னால் சேற்றில் மிதிக்கப் புங்கந்தழை வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை பாதி மரத்தைக் கழித்தால் போதும், மரமும் பிழைக்கும், நெல்லும் விளையும். அப்படித்தான் தாத்தா செய்தார்.

வியாஜ்ஜியம் வந்த பிறகு அப்பா ஆடியில் ஒரு தடவை ஏறினால், சித்தப்பா ஆவணியில் ஏறினார். அவர் ஏறிவிட்டாரே என்று அப்பா புரட்டாசியில் ஏறினார். சும்மா ஏறினால் அனுபவம் ஆகாது, நாலு பேர் பார்க்க வேண்டும். அதனால் அப்பா மரத்தில் உட்கார்ந்துகொண்டு வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிடுவார். "யாரு போறது? மல்லாட்டை புடுங்கவா? நான் இங்க எங்க மரத்துல தழை வெட்டிக்கினு இருக்கறேன்" என்பார். கேட்டவன் நாளைக்குச் சாட்சி. சித்தப்பாவுக்குக் குரல் எடுபடாது, அவர் தகர டப்பாவைத் தட்டுவார்.

துளிர்க்க விட்டால்தானே மரம்? இவர் விட்டதை அவர் கழித்தார், அவர் விட்டதை இவர் கழித்தார். கடைசியில் இலையும் இல்லை, தழையும் இல்லை, இரண்டு பேரும் வெறும் குச்சியை வெட்டிச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சித்திரையில் மரம் துளிர்க்கவே இல்லை. அடுத்த சித்திரையிலும் இல்லை. பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? மரத்துக்கு வந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு ஒரே பிள்ளை, ஏழுமலை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒரே நாளில் ஒரே வாத்தியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததால் வருகைப் பதிவேட்டில் அவன் பதினேழு, நான் பதினெட்டு. நான் எப்போதும் லேட். மாட்டைக் கட்டிவிட்டு நான் ஓடி வருவதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்துவிடும். ஏழுமலை தன் குரலில் ஒரு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு, தொண்டையைக் கீச்சாக்கிக்கொண்டு எனக்கும் ஒன்று சொல்வான். வாத்தியாருக்கு அரைச்செவிடு. ஐந்து வருஷம் நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டே இல்லை.

கேஸ் வந்ததும் பேச்சு நின்றது. நாங்களாக நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டோம். 1974-இல் நான் கிளம்பியபோது விழுப்புரம் ஜங்ஷனுக்கு அப்பா, அண்ணன், உறவுக்காரர்கள் என்று ஒரு வேன் ஆள் வந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏழுமலை நின்றான். அவனுக்கு அன்றைக்கு எந்த ரயிலும் கிடையாது. அப்பா பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கையைத் தூக்கவில்லை. நடுவில் இரண்டு தண்டவாளம், மேலே மேம்பாலம், ஏறி இறங்க ஐந்து நிமிஷம். போயிருக்கலாம், போகவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

5

இப்போது வில்கின்ஸுக்கு வருவோம்.

வெட்டினது ஒரு குற்றம். வெட்டின குப்பையை என் வாசற்படியில் கொண்டுவந்து போட்டது அதைவிடப் பெரிய குற்றம். நம் ஊரில் ஒருவன் இப்படிச் செய்தால், 'வெட்டினேன், உன்னால் ஆனதைப் பார்த்துக்கோ' என்று அர்த்தம். சணல் கயிற்றால் கட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவு நிதானமான திமிர்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் தெருவில் நடக்கிற நேரமாகப் பார்த்து ஏணியைச் சாத்தினேன். சாட்சி வேண்டுமே. என் பக்கக் கிளைகளை ஓங்கி ஓங்கி வெட்டினேன். நடுநடுவே உரக்க இருமினேன். இரண்டு கிழவிகள் நின்று பார்த்து, அருமையான காலைப் பொழுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நான் சாட்சியாக மனசில் குறித்துக்கொண்டேன். வெட்டினதையெல்லாம் கட்டாகக் கட்டி, வில்கின்ஸின் வாசற்படியில் கொண்டுபோய் வைத்தேன். நானும் சணல் கயிறுதான். நானும் இரண்டு முடிச்சுதான்.

அடுத்த சனிக்கிழமை என் வாசலில் இன்னொரு கட்டு. அதற்கடுத்த ஞாயிறு அவர் வாசலில் இன்னொரு கட்டு. பார்த்துக்கொள்ளும்போது மட்டும் இரண்டு பேரும் 'குட் மார்னிங்'. ஆறு வாரம் இப்படியே போனது. டிப்போவில் பஸ் கழுவுவதைப் பார்க்கிறபோதெல்லாம் மனசுக்குள் மனு எழுதிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "உங்க அப்பா சாவலை, சீமைக்கு வந்துட்டாரு. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கினு குடையுதே குடையுதேன்னா?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மே மாதம் வந்தது. ஊரிலுள்ள மரமெல்லாம் தழைத்தது. எங்கள் எல்லை மரத்தில் ஒரே ஒரு கிளை, இரண்டு பேர் ஏணிக்கும் எட்டாத ஒன்று, அது மட்டும் துளிர்த்தது. பிறகு அதில் மஞ்சளாக ஒரே ஒரு சரம் தொங்கியது. காலையில் டீயோடு வெளியே வந்த கஸ்தூரி நின்றபடி நின்றுவிட்டாள். "இது கொன்றைங்க" என்றாள்.

நம் சரக்கொன்றை இல்லை, அதன் பங்காளி என்று மாலதியின் புத்தகம் சொன்னது. மே மாதத்தில் மரம் முழுக்கச் சரம் சரமாகத் தொங்குமாம். பலமாக வெட்டினால் தாங்காதாம். அந்தப் பக்கத்தைப் பிப்ரவரியிலேயே திறந்து காட்டியிருக்கக் கூடாதா என்று பெண்ணைக் கேட்டேன். எந்தப் பக்கம் என்று தெரிய பூ வேண்டாமா அப்பா என்றாள். மரத்தை வெட்டி முடித்த பிறகுதான் அதன் பெயர் தெரிந்தது.

6

அன்றைக்குத்தான் மாலதி இன்னொன்றையும் சொன்னாள். அவள் அவ்வப்போது வில்கின்ஸ் வீட்டில் டீ குடிக்கிறாளாம். எங்களுக்குத் தெரியாது.

"அப்பா, இங்க ரூல் இருக்கு. எல்லை தாண்டி வந்த கிளையை வெட்டலாம், ஆனா அதை எடுத்துக்கக் கூடாது. கிளை மரத்துக்காரங்களுக்குச் சொந்தம். திருப்பிக் குடுக்கணும். மரம் உங்களுதுன்னு அவர் நெனச்சார், அதான் கட்டி வச்சார். அந்தப் பாட்டி இருந்தப்பவும் வருஷா வருஷம் அவர்தான் கொஞ்சம் வெட்டிக் குடுப்பாராம்."

"அப்புறம் ஏன் மறுபடி மறுபடி வெட்டினாரு?"

"நீங்க அவர் வாசல்ல கொண்டுபோய் வச்சீங்களே. அப்போ மரம் தன்னுதுதான்னு நீங்க மரியாதையா சொல்றீங்கன்னு நெனச்சாராம். தன் மரம் உங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னு இன்னும் வெட்டினாராம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் என்னுடையது, என்னுடையது என்று வெட்டி ஒரு மரத்தைச் சாகடித்தோம். இங்கே உன்னுடையது, உன்னுடையது என்று வெட்டி இன்னொன்றைச் சாகடித்தோம். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் போய் வில்கின்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. பதிலுக்கு அவரும் மன்னிப்புக் கேட்டார். இந்த நாட்டில் ஒருவன் காலை நாம் மிதித்தால் அவன் நம்மிடம் மன்னிப்புக் கேட்பான், அந்தப் பழக்கம்.

7

ஜூன் மாதம் அண்ணனிடமிருந்து தடித்த கவர் வந்தது. அண்ணன் பெயர் ராமலிங்கம். நிலத்தை அவர்தான் பார்க்கிறார். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, சித்தப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பழைய கேஸும் அவர்களோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அண்ணன் புதிதாக ஒன்று தயார் செய்திருந்தார். ஏழுமலை எல்லை தாண்டி வந்து புங்கமரத்தை அடியோடு வெட்டி எடுத்துப் போய்விட்டான், அதனால் மரம் நின்ற இடம் எங்களுடையது என்று தீர்ப்பு வேண்டும். அப்பாவுக்கு இரண்டு வாரிசு, நானும் வாதியாகச் சேர வேண்டும், அதற்கு பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கடிதத்தின் அடியில் ஒரு வரி: "போடலன்னா நீ எனக்குத் தம்பியும் இல்ல, நான் உனக்கு அண்ணனும் இல்ல."

அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். ஊரில் எனக்கென்று திறக்கிற கதவும் அது ஒன்றுதான். போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். செத்த மரத்துக்காக உயிரோடு இருக்கிற அண்ணனை இழப்பதா என்று எனக்கு நானே ஞாயமும் சொல்லிக்கொண்டேன்.

பத்திரத்தோடு லண்டனில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்கு ஒருநாள் லீவு போட்டுப் போனேன். முதல் ஜன்னலில் இரண்டு மணி நேரம் நின்றேன், போட்டோ எங்கே என்றார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போனேன். உள்ளூரில் சொந்த வீடுள்ள, உறவினர் அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இந்த நாட்டை நான் பன்னிரண்டு வருஷம் எல்லோருக்கும் தெரிய ஆண்டு அனுபவித்திருக்கிறேன். அப்பாவுடைய சட்டப்படி பார்த்தால் பாதி இங்கிலாந்து என்னுடையது. ஆனால் சாட்சிக்கு என்று யோசித்தால் ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

வில்கின்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார், நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை பார்த்தவர். வக்கீலின் இங்கிலீஷில் இருந்த மனு நகலை முதல் எழுத்திலிருந்து படித்தார். மூன்று எழுத்துப் பிழையைப் பென்சிலால் வட்டம் போட்டார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விறகு யாருக்குப் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷ வியாஜ்ஜியத்தில் எந்த வக்கீலும் கேட்காத கேள்வி அது. மனுவைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். மரத்தை ஏழுமலை வெட்டியதாகப் போட்டிருந்த தேதியை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு அந்தத் தேதி மனப்பாடம். அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்த தேதி. தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் கிடைக்காமல் நான் இங்கே உட்கார்ந்திருந்த நாள்.

கையெழுத்துப் போடாமல் பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணனுக்கு நாலே வரி எழுதினேன். அன்றைக்கு அந்தக் கட்டை எங்கே போனது?

8

அண்ணனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, பொய் சொல்லமாட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"ஐப்பசி மழை விடாம கொட்டிக்கினு இருந்துது. ஊர்ல காஞ்ச கட்டைன்னு ஒண்ணு இல்ல. அப்பாவ எப்பிடி எரிக்கிறதுன்னு நின்னுக்கினு இருந்தோம். அவன் யார்கிட்டயும் கேக்கல. அந்தப் பட்ட மரத்த வெட்டி வண்டியில போட்டாந்து நம்ம வாசல்ல எறக்கிட்டு, பேசாம போயிட்டான். அப்பா வெந்தது அதுலதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் வெட்டுனது வெட்டுனதுதானே? தானா ஒத்துக்கினு வாசல்ல கொண்டாந்து வச்சிருக்கான், ஊரே பாத்துது, இத்தவிட சாட்சி வேணுமான்னு வக்கீல் கேக்கறாரு."

படித்துவிட்டு நான் அழுதேன். கஸ்தூரி வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போனாள். மாலதிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவள் அன்றைக்குத் தோளைத் தூக்கவில்லை. "அவர் திருப்பிக் குடுத்திருக்கார்ப்பா" என்றாள், தமிழில்.

எனக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறவர் வைத்த கட்டையே நான் புரிந்துகொள்ளவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஏழுமலை இறக்கிய வண்டிக்கட்டையை என் அண்ணன் எப்படிப் புரிந்துகொள்வார் என்று அவருக்காக நான் வாதாடலாம். வாதாடப் போவதில்லை. அவருக்குப் புரிந்திருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினேன். காரணமும் எழுதினேன். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. பொங்கலுக்கு வாழ்த்துக்கூட வரவில்லை.

இந்தக் கொன்றையும் போய்விட்டது. அக்டோபரில் நானும் வில்கின்ஸும் சேர்ந்து அதை அறுத்தோம். விறகு உங்களுடையது என்றார் அவர். இல்லை, உங்களுடையது என்றேன் நான். எல்லையிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம், இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதே இடத்தில் புதுக் கன்று வைப்பதென்று தீர்மானம் ஆகிவிட்டது. குழியை உங்கள் பக்கம் தோண்டுங்கள் என்று இரண்டு பேரும் நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் ஒரு பதிவுத் தபால் வந்தது. அண்ணனின் கடிதம் என்று நினைத்துப் பிரித்தேன். டைப் அடித்த காகிதம், நீதிமன்ற நோட்டீஸ். வாரிசு ஒருவன் வாதியாகச் சேர மறுத்தால் அவனைப் பிரதிவாதியாகப் போடுவது வழக்கமாம். அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டார். வாதி ராமலிங்கம். கீழே, முதல் பிரதிவாதி ஏழுமலை. அதற்கு நேர் கீழே, இரண்டாம் பிரதிவாதி, லண்டன் கதிர்வேல். பதினேழு, பதினெட்டுக்கு அப்புறம் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து வருவது இதுதான் முதல் தடவை.

வாய்தா அன்றைக்கு டவாலிச் சேவகன் கோர்ட் வாசலில் நின்று மூன்று தடவை பேர் கூப்பிடுவான். நான் எங்கே போய் நிற்பது? டிப்போவில் லீவு இல்லை, கையில் டிக்கெட் இல்லை. எப்போதும்போல் நான் லேட். இருக்கட்டும், ஏழுமலை போவான். அவன் குரலில் ஒரு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு, தொண்டையைக் கீச்சாக்கிக்கொண்டு எனக்கும் ஒன்று சொல்லிவிடுவான்.